நெடுந்தீவில் காற்று இருக்கிறது, சரி. எப்போது இல்லை?

தொடக்கக் கேள்வி, 2024 மே 26

"பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணப் பக்கத்து நெடுந்தீவு. இப்போது வெளிநாடு. சோளகம், அதாவது தெற்குக் காற்று, அடிக்கத் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் தெற்குக் கதவைச் சாத்தாமல் சாப்பிட உட்கார முடியாது, சோற்றில் மண் விழும். இணையத்தில் கிடைக்கும் உலகக் காற்று வரைபடத்தைத் திறந்தாலும் ஊர் நல்ல சிவப்பாகத்தான் இருக்கிறது, பலத்த காற்று என்று அர்த்தம். இவ்வளவு இருந்தும் இன்றுவரை மின்சாரத்துக்கு டீசல் இயந்திரம்தான் ஓடுகிறது. கேட்டால், அளந்து பார்க்க வேண்டும், ஆய்வு செய்ய வேண்டும் என்கிறார்கள். வேட்டி பறக்கிற இடத்தில் என்ன ஆய்வு? காசடிக்கிற வேலை என்று நான் சொல்கிறேன். இல்லையென்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்."

மே 26, இரவு

இல்லை.

காற்று அளப்பதுதான் என் பிழைப்பு. பாக்கு நீரிணைப் பக்கத்துத் தீவுகளில் தூண் நட்டிருக்கிறேன், ஏறியிருக்கிறேன், ஒருமுறை இறங்க முடியாமல் அழுதுமிருக்கிறேன். ஆகவே காசடிக்கிறவர்களில் ஒருவன் பேசுகிறான் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டி பறந்த நாள் எல்லாருக்கும் நினைவிருக்கும். பறக்காத நாளை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? டீசல் இயந்திரத்தை நிறுத்த வேண்டுமானால் எனக்குத் தெரிய வேண்டியது அந்தப் பறக்காத நாள்கள்தான்.

அப்புறம் கணக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும், வேகத்தின் கன அளவுக்கு ஏறும். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு எல்லாரும் மறந்துவிடுகிறோம். ஒரு தீவில் ஆறு மாதம் செக்கனுக்கு 10 மீற்றர், மற்ற ஆறு மாதம் 2 மீற்றர் என்று வையுங்கள், சராசரி 6. இன்னொரு தீவில் வருடம் முழுக்க ஒரே சீராக 6. இரண்டுக்கும் சராசரி ஒன்றுதான். ஆனால் கன அளவில் பார்த்தால் இரண்டாவது தீவுக்கு 216, முதலாவதுக்கு 504. முதல் தீவில் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி! ஆகா என்று குதிக்கலாம். குதித்து முடித்ததும் அந்த மற்ற ஆறு மாதத்தைப் பாருங்கள்: பெரும்பாலான காற்றாலை விசிறிகள் 3 மீற்றருக்குக் கீழே சுற்றவே தொடங்காது. உங்களுக்கு எந்தத் தீவில் குடியிருக்க விருப்பம்?

நெடுந்தீவு முதல் தீவின் சாயல் உள்ளது. அவ்வளவு மோசமில்லை, வாடைக் காலமும் கொஞ்சம் கை கொடுக்கும். ஆனால் சாயல் அதுதான்.

மே 27, காலை

வரைபடத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். இந்தச் சிவப்பு எல்லாம் கணினி மாதிரியிலிருந்து வருவது. உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஈஆர்ஏ5 என்ற ஐரோப்பியத் தரவில் ஒரு கட்டம் ஏறத்தாழ 31 கிலோமீற்றர். நெடுந்தீவின் பரப்பு சுமார் 50 சதுர கிலோமீற்றர். கட்டம் ஒன்று 960 சொச்சம். அதாவது அந்தக் கட்டத்துக்குள் உங்கள் ஊர் இருபதில் ஒரு பங்கு, மீதி கடல். கணினிக்கு நெடுந்தீவு என்று ஒன்று கிடையாது. பனை கிடையாது, வேலி கிடையாது, உங்கள் வீட்டுத் தெற்குக் கதவும் கிடையாது. வெறும் கடல்மேல் அடிக்கும் காற்றைத்தான் அது சொல்கிறது.

மே 27, மத்தியானம்

கீழே ஒருவர் திருத்தியிருக்கிறார்: கேள்வியில் சொன்ன வரைபடம் 31 கிலோமீற்றர் அல்ல, 250 மீற்றர்க் கட்டம். அவர் சொல்வது சரி, நான் அவசரப்பட்டேன். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேர்ந்து செய்தது அது.

ஆனால் முழுக்க விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த 250 மீற்றருக்குக் கீழே இருப்பதும் அதே ஈஆர்ஏ5தான். முதலில் அதை 3 கிலோமீற்றருக்கு நுணுக்கி, பிறகு நிலத்தின் மேடு பள்ளம், தரையின் கரடுமுரடு எல்லாம் போட்டு இன்னும் நுணுக்குகிறார்கள். தேநீரில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டுவது மாதிரி என்று சொல்ல வந்தேன், அது நியாயமில்லை, நல்ல வேலைதான் அது. எங்கே தூண் நடலாம் என்று தெரிந்துகொள்ள நானும் அதைத்தான் முதலில் திறக்கிறேன். விசிறி வாங்குவதற்கு அதைத் திறப்பதில்லை.

வேகத்தில் பத்து வீதம் பிழைத்தால் சக்தியில் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். 1.1ஐ மூன்று தடவை பெருக்கினால் 1.33. கூடிப் போனால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக எதிர்பார்ப்பீர்கள், குறைந்தால் கால் பங்குக்கு மேல் போய்விடும். கடன் வாங்கிக் கட்டுகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஜூன் 2

பனை.

இதை எழுதாமல் தீவகக் காற்றைப் பற்றி எழுதக்கூடாது. சின்ன வயதில் தை மாதம் பட்டம் ஏற்றியவர்களுக்கு இது தெரியும், தெரியும் என்பது தெரியாமல் தெரியும். பனங்கூடலுக்குப் பின்னால் நின்று ஏற்றினால் பட்டம் குத்துக்கரணம் அடிக்கும், வட்டுக்கு மேலே போகும்வரை நூல் கையில் வெட்டி வெட்டி இழுக்கும், மேலே போனதும் திடீரென்று அமைதியாகி, பட்டத்தில் கட்டிய விண் நார் கூவத் தொடங்கும். அந்த வெட்டுத்தான் கொந்தளிப்பு. விசிறியின் இறக்கையை அந்த வெட்டுக்குள் வைத்தால் அது இருபது வருடம் தாங்காது, ஐந்தில் விரிசல் கண்டுவிடும்.

உயரம் கூடக் கூட வேகம் கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு கூடும் என்பதில்தான் வில்லங்கம். 10 மீற்றர் உயரத்தில் அளந்து 5 மீற்றர் வேகம் கிடைத்தது என்று வையுங்கள், விசிறி வரப்போவது 50 மீற்றரில். உயரம் ஐந்து மடங்கு, அந்த ஐந்தை எந்த அடுக்குக்கு ஏற்றுகிறோமோ அத்தனை மடங்கு வேகம் கூடும். திறந்த கடற்கரையில் அந்த அடுக்கு 0.1 அளவு: மேலே 5.9 கிடைக்கும். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற ஏழில் ஒன்றைப் போட்டால் 6.3. பனங்கூடலுக்குப் பின்னால் 0.3 வரை போகலாம், அதைப் போட்டால் 8.1! கீழே இருப்பது ஒரே அளவு. 5.9க்கும் 8.1க்கும் சக்தியில் வித்தியாசம் இரண்டரை மடங்குக்கு மேல். ஒரு அறிக்கையை எழுதுகிறவர் எந்த அடுக்கைப் போடுகிறார் என்பதைப் பொறுத்து உங்கள் ஊர் பணக்கார ஊராகவும் ஏழை ஊராகவும் மாறும்.

அதனால்தான் ஒரே தூணில் இரண்டு மூன்று உயரத்தில் காற்றுமானி வைக்கிறோம். ஒன்று மட்டும் வைத்தவர் ஊகிக்கிறார் என்று அர்த்தம்.

ஜூன் 2, பின்நேரம்

"அப்படியானால் பனையைத் தறித்துவிடலாமா" என்று கேட்டவருக்கு: உங்களுடன் எனக்குப் பேச்சில்லை.

ஜூன் 3

தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் சோளகம் என்றால் என்ன என்று கேட்கிறார். எங்கள் பக்கத்தில் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவது சோளகம், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். கச்சான் என்றால் யாழ்ப்பாணத்தில் நிலக்கடலையும்தான். "இன்றைக்குக் கச்சான் எப்படி?" என்று ஒரு கடற்தொழிலாளரிடம் கேட்டு, அவர் மடியிலிருந்து ஒரு சரை கடலை எடுத்துத் தந்த அனுபவம் எனக்கு உண்டு. தின்றேன்.

இந்தச் சோளகம் ஏன் இவ்வளவு இறுக்கமாக அடிக்கிறது என்பதற்கு இடமும் ஒரு காரணம். இந்தியாவின் மலைகள் ஒரு பக்கம், இலங்கையின் மலைநாடு மறுபக்கம், நடுவில் மன்னார் வளைகுடாவும் பாக்கு நீரிணையும் ஒரு வாசல் மாதிரி. ஒடுங்கிய வாசலில் காற்று விசைபடும். மன்னார்த் தீவின் தென்கரையில் 30 விசிறிகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற், மொத்தம் 103.5 மெகாவாற் என்று 2020இல் தம்பபவனி காற்றாலை வந்ததும் இதே வாசலை நம்பித்தான்.

ஜூன் 9

தூண் நட்ட கதை கேட்டீர்கள். நீளமானது, பிடிக்காதவர்கள் தாண்டிப் போங்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தீவில் (பெயர் வேண்டாம், வேலை தந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்) மெல்லிய குழாய்த் தூண் ஒன்றை நிறுத்தினோம். குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி நிலத்தில் படுக்க வைத்தே காற்றுமானி எல்லாம் பூட்டி, பிறகு தூக்குக் கம்பத்தால் இழுத்து நிமிர்த்தி, நாலு பக்கமும் இழுகம்பி கட்ட வேண்டும். கம்பிக்கு நங்கூரம் அடிக்க நிலத்தைத் தோண்டினால் ஒரு சாண் மண், கீழே சுண்ணக்கல். மண்ணுக்கான நங்கூரத்தைத்தான் பெட்டியில் அனுப்பியிருந்தார்கள். கல்லில் துளையிடும் இயந்திரம் வர இரண்டு வாரம், அதுவும் வந்தது வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் படகில்.

தூண் நின்றது. அடுத்த சிக்கல் கட்டாக்காலி மாடுகள். இழுகம்பியில் முதுகு சொறிய அவற்றுக்கு அவ்வளவு விருப்பம். ஒரு மாடு சொறிந்தால் மேலே காற்றுத் திசைகாட்டி ஆடும். தரவில் விடியற்காலை ஐந்து மணிக்குத் திசை மட்டும் துடிப்பதைப் பார்த்து நான் ஏதோ புதிய வளிமண்டல நிகழ்வு என்று மூன்று நாள் மண்டையைப் பிய்த்தேன். நெடுந்தீவில் என்றால் குதிரை வேறு. முள்வேலி போடுங்கள், தூண் நடுவதற்கு முதலே போடுங்கள்.

பிறகு உப்பு. சோளகக் காலத்தில் கடலோரக் காற்றில் உப்புத்தூள் மிதக்கும், காற்றுமானியின் கிண்ணங்கள் சுற்றும் உருளைக்குள் அது போய் உட்கார்ந்துவிடும். கிண்ணம் நிற்காது, கொஞ்சம் சோம்பலாகச் சுற்றும். நின்றுவிட்டால் உடனே தெரியும், சோம்பினால் தெரியாது. ஒரே உயரத்தில் இரண்டு காற்றுமானி வைத்திருந்ததால்தான் ஒன்று பொய் சொல்கிறது என்று பிடித்தோம். மழை வந்து கழுவினால் பழையபடி சுற்றும், அது இன்னும் குழப்பம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய முட்டாள்தனம் என்னுடையது. முதல் மாதத் தரவைப் பார்த்தால் கடற்காற்று காலை ஒன்பதரைக்கு உச்சமாக அடிக்கிறது. நான் அதைப் படம் போட்டு, விளக்கமும் எழுதி, ஒரு கூட்டத்தில் காட்டியும் விட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு மீனவச் சங்கத்து ஐயா, "தம்பி, ஒன்பதரைக்குக் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும்" என்றார். பதிகருவி கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தரை மணி கூட்டினால் மூன்று மணி, பிற்பகல். அவர் சரி, நான் படித்தவன்.

ஜூன் 10

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். "திசை மட்டும் துடிப்பது" என்றேன். வேகமும் மெல்லத் துடித்திருக்க வேண்டும், பத்து நிமிடச் சராசரி எடுத்ததில் அது மறைந்திருக்கும். மாட்டுக்குப் பத்து நிமிடம் சொறிய நேரம் இருந்ததா என்பது வேறு கேள்வி.

ஜூன் 23

அருபாவைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். நல்ல எடுத்துக்காட்டு, அதனாலேயே ஆபத்தானது. கரீபியன் கடலில், நெடுந்தீவைவிட மூன்று நாலு மடங்கு பெரிய தீவு. வாடர் பியட் என்ற இடத்தில் 2009 முதல் பத்து விசிறிகள், 30 மெகாவாற். அங்கே அடிப்பது வியாபாரக் காற்று. வருடத்தின் பெரும்பகுதி ஒரே திசை, ஒரே குணம். டிவிடிவி என்றொரு மரம் அங்கே இருக்கிறது, படம் தேடிப் பாருங்கள், தலை முழுக்க தென்மேற்குப் பக்கம் சாய்ந்து சீப்பால் வாரின மாதிரி நிற்கும். ஒரு மரத்தைப் பார்த்தே விசிறியை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் திறந்த நிலம் வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

எங்கள் மரங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அரை வருடம் ஒருவன் தள்ளுகிறான், பிறகு மற்றவன் எதிர்ப்பக்கம் தள்ளுகிறான். பனையோ யார் தள்ளினாலும் அசைந்து கொடுப்பதில்லை.

வெப்பவலயத் தீவு என்று எல்லாவற்றையும் ஒரு கூடைக்குள் போடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. சீஷெல்ஸில் 2013இல் எட்டு விசிறிகள், 6 மெகாவாற், விக்டோரியாத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடலை நிரப்பி எடுத்த நிலத்தில் வைத்தார்கள். தென்கிழக்குக் காற்றுக்கு அந்தப் பக்கம் திறந்த கடல். வடமேற்குக் காற்று வரும் மாதங்களிலோ பின்னால் தீவின் மலைகள் குறுக்கே நிற்கின்றன. நெடுந்தீவு தட்டையான தீவு, மலை மறைப்பு இல்லை, அது பெரிய வரம். தட்டைத் தீவுக்கும் மலைத் தீவுக்கும் ஒரே முறையில் கணக்குப் பார்க்க முடியாது.

இன்னொரு சின்னது: எந்த வேகத்துக்கு எவ்வளவு மின்சாரம் என்று விசிறி விற்பவர்கள் காட்டும் வரைகோடு 15 பாகை வெப்பத்தில், ஒரு கனமீற்றர் காற்று 1.225 கிலோ என்று வைத்துப் போட்டது. எங்கள் 30 பாகையில் அது 1.16 கிலோவுக்குப் பக்கம்தான், ஈரம் இருந்தால் இன்னும் குறையும். ஐந்து ஆறு வீதம் அங்கேயே போய்விட்டது. இதைக் கழிக்காத அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன், யாருடையது என்று சொல்லமாட்டேன்.

ஜூலை 14

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, இப்போது வரப்போகிற திட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்கிறார். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சேர்த்து, இந்தியாவின் நன்கொடை 11 மில்லியன் டொலரில், இந்த மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. சூரிய சக்தி 1,700 கிலோவாற், காற்று 530, பற்றரி 2,400 கிலோவாற் மணி, கைகாவலாக டீசல் 2,500.

பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. காற்றுக்குப் பேர்போன மூன்று தீவு, அதில் காற்றுக்குக் கால் பங்குகூட இல்லை. ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 15

இரவு நித்திரை வராமல் திரும்பக் கணக்குப் போட்டேன். ஊறுகாய் என்றதை வாபஸ் வாங்குகிறேன்.

நிறுவிய கிலோவாற்றை ஒப்பிட்டது என் பிழை. சூரியத் தகடு இரவில் தூங்கும், முகில் வந்தால் சோம்பும். வருடம் முழுக்கப் பார்த்தால் முழுத் திறனில் 18 வீதம் தரும் என்று வைத்தால் 1,700இல் இருந்து சராசரியாகக் கிடைப்பது 306 கிலோவாற். காற்றுக்கு 30 வீதம் என்று வைத்தால் 530இல் இருந்து 159. அதாவது மூன்றில் ஒரு பங்கு. இந்த இரண்டு வீதமும் நான் கையில் எடுத்த உத்தேசம், திட்டத்தில் இருப்பதல்ல. 30 அடைய நல்ல இடமும் நல்ல பராமரிப்பும் வேண்டும்.

அதோடு காற்றைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சோளகத்தில் தேவைக்கு மேல் வந்து கொட்டும், வாங்க ஆளில்லை, தீவுக்கு வெளியே கம்பி இல்லை. பங்குனி, சித்திரையில் வெறும் விசிறி நிற்கும், அப்போது வெயில் நன்றாக இருக்கும். ஆக, சூரியனைக் கூட்டியவர் மடையர் இல்லை.

பற்றரியைப் பாருங்கள். மூன்று தீவும் சேர்ந்து 300 கிலோவாற் இழுக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் 2,400 எட்டு மணி நேரம் தாங்கும். ஓர் இரவு. ஒரு கிழமை காற்றுமில்லை, ஐப்பசி மழை முகிலால் வெயிலுமில்லை என்றால்? அதற்குத்தான் 2,500 டீசல். மே மாதம் "டீசல் ஏன்" என்று தொடங்கினோம், சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வந்து நிற்கிறோம்.

ஜூலை 15, கொஞ்ச நேரத்தில்

மிஞ்சும் காற்றை என்ன செய்யலாம் என்று ஒருவர் கேட்கிறார். ஐஸ் அடியுங்கள். கடல்நீரைக் குடிநீராக்குங்கள். இரண்டும் இன்றைக்குச் செய்ததை நாளைக்கு வைத்திருக்கலாம், பற்றரியைவிட மலிவு. நெடுந்தீவில் நல்ல தண்ணீருக்குப் படும் பாடு ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகஸ்ட் 4

"பழைய காலத்துத் தரவு இல்லையென்றால் படகு ஓடாத நாள்களின் பதிவை எடுக்கலாமே." நல்ல யோசனை என்று நானும் ஒருகாலத்தில் நினைத்தேன். ஒரு இறங்குதுறையில் அப்படி ஒரு பதிவேட்டைத் தேடிப் பிடித்தும் பார்த்தேன். பாதி நாள்களுக்குக் காரணம் இயந்திரக் கோளாறு. மீதியில் கடல் கொந்தளிப்பு என்று இருக்கும், ஆனால் அலை வேறு காற்று வேறு, எங்கோ அடித்த காற்றின் அலை இங்கே வந்து உடையும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது இறுக்கமான நாளை மட்டும் சொல்லும். அமைதியான நாளில் படகு ஓடும், எழுத ஒன்றுமில்லை.

அமைதியான நாளை நினைவு வைத்திருக்கும் ஒரே ஆளைப் பிறகு கண்டுபிடித்தேன். கருவாடு போடுகிற ஒரு அம்மா. காற்று இருந்தால் மீனில் இலையான், அதாவது ஈ, இருக்காது. காற்று விழுந்த நாள் இலையான் மொய்க்கும், அவ பக்கத்தில் இருந்து ஓலையால் விசுக்க வேண்டும், கை உளையும். அதனால் நினைவிருக்கும். "போன ஐப்பசியில் எட்டு நாள் இருந்து விசுக்கினேன்" என்றா. என் தூணில் எடுத்துப் பார்த்தேன், பெரிய வித்தியாசமில்லை.

வானிலை நிலையத்தின் பழைய பதிவைப் பற்றியும் ஒருவர் கேட்டார். ஒரு வருட அளவை நீண்டகாலத்தோடு பொருத்தத்தான் வேண்டும், ஒரு வருடச் சோளகம் மாதிரி இன்னொன்று இருப்பதில்லை. ஆனால் பழைய நிலையங்களைச் சுற்றி நாற்பது வருடத்தில் மரமும் மாடியும் எழும்பியிருக்கும், கடதாசியில் காற்று வருடா வருடம் குறைந்துகொண்டே வரும். குறைந்தது காற்றல்ல, வெளி.

ஆகஸ்ட் 18

புயல். இதை யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இந்தக் கடல் வழியாகத்தான் போனது. 2020இல் புரெவி கிழக்கே கரையேறி இலங்கையைக் குறுக்கறுத்து மன்னார் வளைகுடாவுக்குள் போனது. சராசரிக் காற்றுக்காக ஒரு கணக்கு, ஐம்பது வருடத்தில் ஒருமுறை வரும் காற்றுக்காக இன்னொரு கணக்கு. விசிறிகளின் சர்வதேசத் தரத்தில் முதல் வகுப்பு செக்கனுக்கு 50 மீற்றர் வரை, அதாவது மணிக்கு 180 கிலோமீற்றர். வெப்பவலயப் புயலுக்கென்று 57 மீற்றருக்கு ஒரு வகுப்பை 2019இல்தான் சேர்த்தார்கள். அதே புயலில் ஒரு காற்றாலைப் பண்ணை போகும், இன்னொன்று தப்பும்: 2017இல் மரியா வந்தபோது புவேர்ட்டோ ரிக்கோவின் புண்டா லிமாவில் இறக்கைகள் பிய்ந்தன, சாண்டா இசபெல் பெரிய சேதமில்லாமல் நின்றது.

எனக்குப் பிடித்தது மொரிசியஸுக்குச் சொந்தமான ரொட்ரிக்ஸ் தீவில் செய்தது. அங்கே 275 கிலோவாற் பிரெஞ்சு விசிறிகள், தூணோடு மடக்கி நிலத்தில் படுக்க வைக்கலாம். புயல் அறிவித்தல் வந்தால் படுக்க வை, போனதும் நிமிர்த்து. பெரிய பாரந்தூக்கியும் தேவையில்லை. எங்கள் இறங்குதுறையில் பாரந்தூக்கி இறக்குவதை நினைத்துப் பாருங்கள், பிறகு "ஏன் 3 மெகாவாற் விசிறி வைக்கவில்லை" என்று கேட்க மாட்டீர்கள்.

செப்டம்பர் 8

பறவைகள் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: ஆம், அதுவும் அளக்க வேண்டியதுதான். மத்திய ஆசியாவிலிருந்து வரும் வழி இது. மன்னாரில் பறவைக் கூட்டத்தைக் கண்டு விசிறியை நிறுத்த ராடர் வைத்திருக்கிறார்கள். காற்றுக்கு ஒரு வருடம் அளக்கும்போதே பறவைக்கும் எண்ணினால் இரட்டை வேலை மிச்சம்.

செப்டம்பர் 15

கேள்வி கேட்டவர் மனம் மாறி (அல்லது என்னைப் பொய்யனாக்க) மலிவான காற்றுமானி ஒன்று வாங்கி ஊருக்கு அனுப்பியிருக்கிறார். சின்னம்மா வீட்டுக் கூரையில் பூட்டப் போகிறாராம். பூட்டுங்கள். கூரை விளிம்பில் மட்டும் வேண்டாம், விளிம்பில் காற்று எகிறிக் குதிக்கும், இல்லாத வேகத்தைக் காட்டும். கூரையில் இருந்து எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே. தொலைக்காட்சி அன்ரெனாக் கம்பம் இருந்தால் அதன் உச்சியில் கட்டுங்கள், நாடகம் பார்க்க முடியாமல் போனால் சின்னம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

நேரத்தை இலங்கை நேரத்துக்கு வையுங்கள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

அக்டோபர் 27

தரவு அனுப்பியிருக்கிறார். கூரைக் காற்றுமானிதான், விசிறிக்கு இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் செப்டம்பரில் துள்ளிக்கொண்டிருந்த கோடு அக்டோபர் நடுப்பகுதியில் படுத்துக் கிடக்கிறது. பிற்பகலில் கடற்காற்று ஒரு மூன்று மணி நேரம் தலையைத் தூக்குகிறது, பிறகு இரவு முழுக்க ஒன்றுமில்லை, விளக்குப் போடுகிற நேரத்தில்தான் மிகவும் மோசம். இந்தச் சில நாள்களை வரைபடத்துச் சிவப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று எழுதினேன். "சரி அண்ணை" என்று மட்டும் பதில் வந்திருக்கிறது.

நவம்பர் 3

அவர் இன்னொன்றும் செய்திருக்கிறார், எனக்கு அது மிகவும் பிடித்தது. சின்னம்மாவும் கருவாடு போடுகிறவ. அவவிடம் தொலைபேசியில் இலையான் மொய்த்த நாள்களைக் கேட்டு, காற்றுமானியைப் பார்க்காமல் முதலிலேயே எழுதி வைத்திருக்கிறார். ஐந்து நாள் சொன்னா. நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாலு நாள் பொருந்துகிறது. ஐந்தாவது நாள் காற்று நன்றாகவே இருந்திருக்கிறது, காற்றுமானியில் உப்பு ஏறிவிட்டதோ, நேரம் மாறிவிட்டதோ என்று இரண்டு மணி நேரம் மினக்கெட்டுவிட்டு, கடைசியில் அன்றைக்கு என்ன மீன் என்று கேட்கச் சொன்னேன்.

திருக்கை. திருக்கைக்குப் புயலடித்தாலும் இலையான் வருமாம்.